நடுவில் ஒரு வரியைக் காணோம்

"எளிதில் காணலாம்" என்று கணக்குப் புத்தகத்தில் எந்த இடத்தில் அச்சடித்திருந்தாலும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "யாருக்கு எளிது? அச்சடிச்சவனுக்கா?" என்று புத்தகத்தையே பிடித்துக் கேட்பாள். வகுப்பில் கணக்கு சார் பலகையில் இரண்டு வரி எழுதி, மூன்றாவது வரியில் விடையைப் போட்டுவிட்டு, "புரிஞ்சுதா?" என்று திரும்புவார். நாங்கள் எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டுவோம். அவள் மட்டும் எழுந்து நிற்பாள்.

"சார், ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுல ஒரு வரியக் காணோம்."

"அது ஈஸிம்மா. மனசுலயே போட்டுக்கலாம்."

"உங்க மனசுல போட்டுட்டீங்க சார். அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குக் கிடைக்கிற மரியாதை, மிச்ச நேரம் முழுக்க வராண்டாவில் நிற்பது. நின்றுகொண்டே சன்னல் வழியாகப் பலகையைப் பார்த்து, காணாமல் போன வரியைத் தானே எழுதிக்கொண்டு இடைவேளையில் எங்களிடம் வருவாள். தனக்குத் தெரியவில்லை என்று அவள் கேட்டதே இல்லை. எங்களுக்குத் தெரியாது என்று தெரிந்துதான் கேட்டாள். இது சாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. விளங்கியும் விளங்காத மாதிரி இருந்துகொண்டாரோ என்னவோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கே இருந்தாலும் அவள்பாட்டுக்கு இருக்கட்டும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஏலக்காட்டு எஸ்டேட் ஒன்றில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். தமிழில் படிக்கவேண்டும் என்பதற்காக அவளைப் போடியில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். பேச்சில் பாதி மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். சும்மா என்பதற்கு "வெறுதே" என்பாள். போதும் என்பதற்கு "மதி" என்பாள். கிள்ளிவிட்ட மாதிரி கீச்சுக் குரல். வலது ஆட்காட்டி விரல் எப்போதும் சாக்பீஸ் வெள்ளையாக இருக்கும். நோட்டில் இரண்டு வரிகளுக்கு நடுவில் அந்த விரலை ஊன்றுவாள். இங்கே என்ன நடந்தது என்று நாம் சொல்கிறவரை விரல் நகராது. பசிக்கிறது என்றாலும் நகராது, பஸ்சு போய்விடும் என்றாலும் நகராது.

அவளோடு சிநேகமாக இருப்பது லேசான சோலி இல்லை. "நேத்து ஏன் வரல?" என்பாள். "வீட்டுல சோலி" என்றால் விடமாட்டாள். "என்ன சோலி? யாரு சொன்னா? நீ என்ன சொன்ன?" என்று ஒவ்வொரு படியாக இறங்குவாள். போலீஸ்காரி தோற்றாள். எத்தனையோ நாள் அவளிடம் பேசக்கூடாது என்று முறுக்கிக்கொண்டு போயிருக்கிறேன். மறுநாள் அவளே வந்து, "நேத்து கோவிச்சுக்கிட்டியே, எந்த வார்த்தையில கோவம் வந்துச்சு?" என்று கேட்டு அதற்கும் விரலை ஊன்றுவாள்.

நான் வராத நாட்களில்தான் வீடியோ பிறந்தது. எனக்கு ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. அம்மா தினமும் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவாள். எங்கள் பக்கத்தில் ஜீப்பில் ஓர் இடம் என்பது வெறும் இடம் அல்ல, அதுதான் வேலை. காய்ப்புக் காலத்தில் காய்ச்சல் என்று சில நாள் படுத்தால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். பிறகு அவளை எழுப்ப முடியாது. அதனால் அம்மாவுக்கு முடியாத நாளில் இடத்தைக் காப்பாற்ற நான் ஏறிவிடுவேன். என்னை மாதிரி வகுப்பில் இன்னும் சில பேர் உண்டு. திரும்பி வந்து உட்கார்ந்தால் பலகையில் பாடம் எங்கேயோ போயிருக்கும். சாரிடம் கேட்டால், "மலைக்குப் போறவளுக்கு மேத்ஸ் குரூப் எதுக்கு?" என்பார்.

அந்த வார்த்தையை அவள் ஒருமுறை கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே அவளுடைய சித்தி வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லில் சாக்பீஸால் எழுதி, சித்தியின் போனில் முதல் வீடியோவை எடுத்தாள். முகம் தெரியாது. கல்லும் கையும்தான் தெரியும். கூடவே கீச்சுக் குரலில் திட்டு. "முழிக்காத. இங்க பாரு. இந்த ரெண்டு எங்கருந்து வந்துச்சு? மேலருந்து வந்துச்சு. மேலன்னா எங்க? இந்தா, இங்க." பாதியில் சித்தி வந்து துணி அலசணும் நகரு என்றது எல்லாம் அதிலேயே இருக்கும். தப்பாகப் போட்டுவிட்டால் வெட்டி எறியமாட்டாள். "ஐயோ, தப்பு. ஏன் தப்புன்னு பாரு" என்று அதையும் சொல்லுவாள். ஒவ்வொரு வீடியோவும் சின்னதாகத்தான் இருக்கும். மெட்டு ஏறுகிற வளைவுகளில் சிக்னல் போவதும் வருவதுமாக இருப்பதால், பெரிசாக அனுப்பினால் இறங்காது. கடைசியில், "புரிஞ்சுச்சுன்னு வெறுதே சொல்லாதீங்க. எந்த வரியில நின்னீங்கன்னு சொல்லுங்க" என்று முடிப்பாள். கட்டைவிரல் பொம்மை போட்டால் போச்சு, உடனே போன் வரும்.

வரிசை மாற்றம் நடத்தின நாள் ஒன்று. ஒன்பது பேர் ஒன்பது இருக்கையில் எத்தனை விதமாக உட்காரலாம் என்று சார் ஒரு கேள்வி கொடுத்திருந்தார். மலைக்குப் போகிற நாங்கள் அத்தனை பேரும், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதாமலேயே, ஒரே விடையை எழுதியிருந்தோம். ஒரு விதம். சார் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முன்வரிசையும் சிரித்தது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. மத்தியானம் வந்து என் பதிலில் விரலை ஊன்றினாள். "ஒண்ணுன்னு ஏன் எழுதுன?"

"அவங்கவங்க எடத்துலதானடி உக்காருவாங்க. மாத்தி உக்காந்தா சண்ட வந்துரும்."

விரலை எடுத்தாள். பிறகு, "அப்ப ஒனக்குக் கணக்கு தெரியாம இல்ல. ஒனக்கு ஜீப்பு தெரியும்" என்றாள்.

அன்றைக்கு எடுத்த வீடியோதான் எல்லாவற்றிலும் பேர் போனது. துவைகல்லில் ஒரு ஜீப்பை வரைந்தாள். "இன்னிக்கு ஜீப்பு புதுசு. யாருக்கும் எடமே கெடையாது. மொதல்ல ஏறுற அக்கா ஒன்பது எடத்துல எங்க வேணாலும் உக்காரலாம். அந்தக்கா உக்காந்தாச்சு, எந்திரிக்க மாட்டா. ரெண்டாவதா ஏறுற அக்காவுக்கு எட்டு எடம்..." இப்படியே ஒவ்வொருத்தியாக ஏற்றி உட்காரவைத்தாள். மறுநாள் ஜீப்பில் நான் அதைப் போட்டுப் பார்த்தபோது பக்கத்தில் இருந்த அக்காக்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "ஏ ஆத்தா, கதவோரம் எனக்கு விடச் சொல்லு அந்தப் புள்ளய" என்று ஒருத்தி கத்தினாள். மெட்டு வரைக்கும் ஒரே சிரிப்பு. எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. அவள்கூட அன்று ராத்திரி வீட்டில் அதைப் பார்த்து, "அப்ப லட்சக்கணக்குல வருமாடி?" என்று வாயைப் பிளந்தாள். நான் கணக்கில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன்.

ப்ளஸ் டூ காலாண்டு முடிந்தது. நான் கணக்கில் பெயில். ஆனால் முன்னே பத்துக்குள் கிடந்தவள் பாஸ் மார்க்குக்குப் பக்கத்தில் வந்திருந்தேன். மலைக்குப் போகிற மற்ற மூன்று பேருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் எச்.எம். எங்கள் நாலு பேர் வீட்டிலிருந்தும் ஆளைக் கூட்டிவரச் சொன்னார். அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"உங்க பிள்ளை தேறாதும்மா. டிசி வாங்கிக்குங்க. அடுத்த வருஷம் தனியா எழுதிக்கட்டும். திங்கக்கிழமைக்குள்ள இதுல கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க" என்று ஒரு தாளை நீட்டினார். அம்மா, "சரிங்க சார், நல்லதுங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். நல்லதாம்! பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டுகிறவனுக்குக் கும்பிடு. அம்மாவை என்ன சொல்ல? பெரிய மனுசன் மெதுவாகப் பேசினால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று அவளைப் பழக்கிவைத்திருக்கிறார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த அவள் தாளை வாங்கிப் படித்தாள். "காலாண்டுல பெயிலு. சரி. பொதுத்தேர்வுல பெயிலு. இது எப்ப நடந்துச்சு? அதுக்கு இன்னும் மாசக்கணக்கா இருக்கேம்மா. நடக்காத பரீட்சைக்கு இவரு எப்படி மார்க் போட்டாரு?" என்று அம்மாவிடம் கேட்டாள். "கையெழுத்து மட்டும் போட்டுறாதீங்கம்மா. திங்கக்கிழமை வர பொறுங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை பள்ளியில் விழா. மாணவர்களே பாடம் விளக்குகிற வீடியோவுக்கு ஏதோ ஒரு போட்டி வைத்திருந்தார்கள். எங்கள் பள்ளி அதில் கேடயம் வாங்கியிருந்தது. எந்த வீடியோ என்கிறீர்கள்? அவளுடையதுதான்! கம்ப்யூட்டர் சார் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்து, திட்டுகளையும் தப்புகளையும் வெட்டி, சித்தியையும் வெட்டி, அடியில் ஒரு பாட்டை ஓடவிட்டு, தொடக்கத்தில் பள்ளியின் முத்திரையைக் குத்தி அனுப்பியிருந்தார். "கடைசி பெஞ்சையும் கைவிடாத பள்ளி" என்று வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் வேறு. அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேதான் எங்களுக்கு டிசி தாள் கொடுத்தார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அதை வேறு சுவரிலாவது மாட்டியிருக்கவேண்டாமா?

எங்கள் நாலு பேரையும் விழாவுக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் வீடு வீடாகப் போன் போட்டு, "அம்மாக்களையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். நாங்கள் போய் மைதானத்து ஓரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றோம். மேடையில் எச்.எம்., தாளாளர், கல்வித் துறையிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி. கேடயத்தை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தபின், அந்த அதிகாரி நல்ல மனுசனாக மைக்கைப் பிடித்து, "எங்களுக்கும் ஒரு கணக்குச் சொல்லிக் குடும்மா, பார்ப்போம்" என்றார்.

"பலகை வேணும் சார்" என்றாள். கொண்டுவந்து வைத்தார்கள்.

"சதவீதம் சார். ஒரு வகுப்புல இருபது பேரு. பதினாறு பேரு பாஸாவாங்க போல இருக்கு. பதினாற மேல எழுதுறேன், இருபதக் கீழ எழுதுறேன். வகுத்து, நூறால பெருக்குனா எம்புட்டு?"

கூட்டத்தில் பிள்ளைகள், "எண்பது" என்று கத்தினார்கள். எச்.எம். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"இத நூறாக்கணும். ரெண்டு வழி இருக்கு. மேல இருக்குற பதினாற இருபதாக்கலாம். அதுக்கு மிச்சம் நாலு பேர உக்காத்திச் சொல்லிக் குடுக்கணும். வராத நாளுக்கும் சேத்துச் சொல்லிக் குடுக்கணும். கஷ்டம். இன்னொரு வழி, கீழ இருக்குற இருபதப் பதினாறாக்குறது." அடியில் இருந்த இருபதைக் கையாலேயே அழித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினாள். "இப்ப வகுங்க. நூறு. ஒருத்தரும் புதுசா பாஸாகல. ஆனாலும் நூறு."

கூட்டம் சிரித்தது. கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். எச்.எம். சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "மதிம்மா, மதி" என்று அவர் அவளுடைய பாஷையிலேயே கெஞ்சியிருந்தாலும் அவள் நிறுத்துகிறவளா?

அதிகாரி விளையாட்டாகத்தான் கேட்டார். "சரிம்மா. அந்த நாலு பேரு எங்க போனாங்க?"

"அந்த வரியத்தான் சார் யாரும் எழுதல" என்றாள். விரல் நேராக எங்கள் பக்கம் நீண்டது. "இந்தா நிக்கிறாங்க. தண்ணித் தொட்டிகிட்ட. அம்மாமாருக கையில டிசி தாள் இருக்கு. கையெழுத்து போடல இன்னும்."

எல்லா முகமும் எங்கள் பக்கம் திரும்பியது. எங்கள் அம்மா என்ன நினைத்தாளோ, மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். மற்ற மூன்று பேரின் அம்மாக்களும் தூக்கிப் பிடித்தார்கள். எனக்கு அழுகையை அடக்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை எங்கள் தாளை எச்.எம்.மே திரும்ப வாங்கிக்கொண்டார். "பிள்ளைகளுக்கு ஒரு பயம் வரட்டுமேன்னு சும்மா குடுத்ததும்மா" என்று சிரித்தார். நாங்கள் வகுப்புக்குத் திரும்பினோம். இதோடு கதை முடிந்திருந்தால் நான் ஏன் இப்படிக் கொதிக்கப் போகிறேன்?

அவளுடைய அப்பாவை எஸ்டேட்டிலிருந்து வரவழைத்தார்கள். பெயர்ப்பட்டியல் பொதுத்தேர்வுக்குப் போவதற்கு முன்னாலேயே வரவழைத்தார்கள். "இப்பவே நீங்களா டிசி கேட்டு எழுதிக் குடுத்தா நடத்தை நன்றுன்னு போட்டுத் தர்றோம். இல்லேன்னா வேற மாதிரி எழுதவேண்டி வரும். அப்புறம் பிள்ளைக்கு எந்தக் காலேஜும் கிடைக்காது" என்றார்களாம். மலையில் முதலாளிக்கும் கங்காணிக்கும் நடுவில் தலை குனிந்தே வாழ்ந்த மனுசன். பொட்டப்பிள்ளை பெயர் கெட்டுவிடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் பக்கத்தில் நின்று, "அப்பா, வேற மாதிரின்னா எப்படின்னு கேளுங்க, எதுக்குன்னு கேளுங்க" என்று கதறியிருக்கிறாள். கேட்கவில்லை. அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். கேட்கத் தைரியம் இருக்கிற ஆளாக அவரை யார் இருக்கவிட்டார்கள்?

எங்கள் அம்மாக்கள் நாலு பேரும் ஜீப்பை விட்டுவிட்டுப் போய் எச்.எம். அறை வாசலில் நின்றார்கள். "அவங்க அப்பாவே கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரும்மா, நான் என்ன செய்ய?" என்று கையெழுத்தைக் காட்டினார். நடு வருஷத்தில் அவளை வேறு எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கே போய்விட்டாள்.

போனவள் சும்மா இருந்தாளா? அடுத்த வாரமே வீடியோ வந்தது. துவைகல் இல்லை, எஸ்டேட் லைன் வீட்டுச் சிமெண்டுத் தரை. அதே கை, அதே கீச்சுக் குரல். "தொகையீடு. முழிக்காத. நடுவுல ஒரு வரி விட்டாலும் மார்க் போயிரும்." அவளுக்கு அந்த வருஷம் பரீட்சையே கிடையாது. எங்களுக்குத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு மேலே சிக்னல் கிடைக்கிற பாறை வரை ஏறிப் போய், பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும் அனுப்பினாள். மழைச் சத்தம் கேட்கும், பின்னால் அவளுடைய அம்மா இருமுவது கேட்கும். ஒரு வீடியோவில்கூட தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஒருமுறை, "நீ எப்படிடி இருக்க?" என்று கேட்டதற்கு, "எட்டாவது கணக்குல எந்த வரியில நின்ன?" என்றுதான் பதில் வந்தது.

நாங்கள் நாலு பேரும் பாஸ். நான் கணக்கில் எழுபதைத் தாண்டினேன். ரிசல்ட் வந்ததும் முதலில் அவளுக்குத்தான் சொன்னேன். "சத்தியமா?" என்று கத்தினாள். அடுத்த வருஷம் அவள் தனியாக எழுதித் தேறினதாகக் கேள்விப்பட்டேன். அப்புறம் குடும்பம் வேறு எஸ்டேட்டுக்குப் போனது. அந்த நம்பர் இப்போது கிடைப்பதில்லை.

மார்க் தாள் வாங்கப் போன அன்று பள்ளி வாசலில் புது ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி. எங்கள் வகுப்பு முழுக்கப் படம் படமாக அதில் இருந்தது. எங்கள் நாலு பேர் முகமும் இருந்தது. அம்மா என்னை அதன் முன்னால் நிறுத்திப் போனில் படம் பிடிக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். எச்.எம். லட்டுப் பெட்டியோடு வாசலில் நின்று எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் நீட்டினார்.

நான் எடுக்கவில்லை. "சார், அவ படம் எங்க?" என்று கேட்டேன்.

"எவ?" என்றார். அப்புறம் நினைவு வந்த மாதிரி ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் குரல் மாறாமல் சொன்னார். "அந்தப் பிள்ளை நம்ம ஸ்கூலே இல்லையேம்மா."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.